ஓட்டுப்பெட்டியை ஆத்துக்கு எந்தக் கரையில வைக்கப் போறீங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் நீடாமங்கலம் வட்டத்துல ஒரு கிராமத்துல இருக்கேன், ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடத்துல 34 வருஷம் வேலை பார்த்து தலைமை ஆசிரியையா ரிட்டயர் ஆனவ. கடுதாசி கொஞ்சம் நீளமா போயிருச்சு, இடம் இல்லைன்னா எங்க வேணாலும் வெட்டிக்கங்க, ஆனா அக்கரையில நின்னவங்க சேதியை மட்டும் வெட்டிடாதீங்க, அதை எழுதணும்னுதான் பேனாவையே எடுத்தேன்.

உள்ளாட்சித் தேர்தல் எப்போ எப்போன்னு டீக்கடையில கேட்டுக்கிட்டே இருக்காங்க. நம்ம டெல்டா பக்கம் கிராம ஊராட்சிக்கு 2019 டிசம்பர் 27-லயும் 30-லயும் ஓட்டுப் போட்டோம், அப்போ மயிலாடுதுறை தனி மாவட்டம்கூட ஆகல. 2025 ஜனவரியோட அவங்க பதவி முடிஞ்சு தனி அலுவலர் கையிலதான் ஊராட்சி ஓடுது. யார் நிப்பா, எந்த வார்டு பொம்பளைங்களுக்கு, எது தனி வார்டு, இதைப் பேசறதுக்கு ஊருக்கு நூறு பேர் இருக்காங்க. பெட்டியை எங்க வைக்கப் போறாங்கன்னு கேக்க ஒருத்தரைக் காணோம். அது ஆபீஸ் வேலை, வி.ஏ.ஓ பாத்துப்பாருன்னு விட்டுடுறோம். நான் ஒம்போது எலக்‌ஷன்ல பூத்துக்குள்ள உக்காந்தவ, கடைசி அஞ்சுல பிரிசைடிங் ஆபீசர். யாரு வருவா யாரு வரமாட்டாங்கிறதுல பாதி, எந்தக் கட்டடம்னு பேப்பர்ல எழுதுற அன்னைக்கே முடிஞ்சு போகுது, இது நான் கண்ணால பாத்தது.

அந்த 2019 டிசம்பர்ல எனக்குப் பக்கத்து ஒன்றியத்துல டூட்டி. ஊர் பேர் வேண்டாம். வெண்ணாத்துலேர்ந்து பிரியிற ஒரு ஆறு, அதோட கரையில பள்ளிக்கூடம். உள்ளாட்சின்னா நம்ம பக்கம் மிஷின் இல்ல, சீட்டும் பெட்டியும்தான், ஒரு ஆளுக்கு நாலு சீட்டு. வார்டு மெம்பருக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். வயசானவங்க நாலையும் ஒண்ணாச் சேத்து மடிச்சுக்கிட்டு "இதுல நம்ம தம்பி எதுல இருக்காரு"ன்னு என்னையே கேப்பாங்க, நான் வாயைத் திறக்கக் கூடாது, பின்னாடி வரிசை நகராது, வெளியில ஏஜெண்டுங்க சண்டை. சோறு திங்கவே மூணு மணி ஆச்சு.

காலையில ஏழு மணிக்கு ஆரம்பிச்சா சாயங்காலம் அஞ்சோட முடியும். நாலே முக்கால் இருக்கும், கை காலை நீட்டலாம்னு வராண்டாவுக்கு வந்து பாக்குறேன், ஆத்துக்கு அக்கரையில ஒரு பதினஞ்சு பேரு நிக்கிறாங்க, முக்காவாசி பொம்பளைங்க, களை பறிச்சுட்டு நேரா வந்திருக்காங்க, முழங்கால் வரைக்கும் சேறு. "டீச்சர் மூடிராதீங்க, சுத்தி வந்துடுறோம்"னு கத்துறாங்க. அங்க ஆறு என்ன, எழுபது அடி அகலம் இருக்கும், அவங்க முகம் தெரியுது, கையில இருக்கிற தூக்குவாளி தெரியுது. ஆனா மார்கழித் தண்ணி கரை முட்டப் போகுது. பாலம்னு பாத்தா கிழக்கால ஒண்ணரை கிலோமீட்டர் தள்ளி ஆத்துத் தண்ணியை அடைச்சுத் திறக்கிற சட்ரஸ் பாலம், அதுல ஏறி இந்தக் கரையில மறுபடி ஒண்ணரை கிலோமீட்டர் வரணும். நடுவுல ஒரு மூங்கில் பாலம் கெடந்துச்சாம், 2018 கஜா புயல்ல போனது போனதுதான், யாரும் திருப்பிக் கட்டல.

அஞ்சு மணிக்கு வரிசையில யார் நிக்கிறாங்களோ அவங்களுக்கு கடைசி ஆள்லேர்ந்து ஆரம்பிச்சு டோக்கன் குடுக்கணும், அதுக்கப்புறம் ஒரு ஆள் சேரக் கூடாது. அன்னைக்கு ஆறு பேர் நின்னாங்க, குடுத்தேன். அக்கரைக்காரங்க ஓட்டமும் நடையுமா வந்து சேந்தப்ப அஞ்சு இருவது. இல்லம்மா முடிஞ்சு போச்சுன்னு சொன்னேன். சண்டை போட்டிருந்தா எனக்கு மனசு லேசா இருந்திருக்கும், ஒருத்தரும் போடல. ஒரு அம்மா மட்டும், அறுவது வயசு இருக்கும், "காலையிலேர்ந்து உங்க சாமியானாவைப் பாத்துக்கிட்டேதான் டீச்சர் களை பறிச்சோம்"னுச்சு. அம்புட்டுதான். திரும்பி அந்த மூணு கிலோமீட்டரையும் நடந்து போனாங்க. அந்த வார்டுல ஜெயிச்ச ஆளுக்கும் தோத்த ஆளுக்கும் எத்தனை ஓட்டு வித்தியாசம்னு நான் வேணும்னே விசாரிக்கல.

ஏன் காலையிலயே வரலைன்னு நீங்க கேப்பீங்க, ஏஜெண்ட் ஒருத்தரும் அப்படித்தான் கேட்டாரு. காலையில ஆறு மணிக்கு ஆளு சேத்துக்கிட்டுப் போற வண்டி வரும், ஏறலைன்னா அன்னைக்குக் கூலி இல்ல. பார்லிமெண்ட், அசெம்பிளி எலக்‌ஷனுக்கு சம்பளத்தோட லீவு விடணும்னு சட்டம் இருக்கத்தான் இருக்கு, களை பறிக்கிறவளுக்கு யார் அந்த லீவைக் குடுப்பா.

இதுல வேடிக்கை என்னன்னா அதே பள்ளிக்கூடம்தான் அதே 2019 ஏப்ரல்ல பார்லிமெண்ட் எலக்‌ஷனுக்கும் பூத். அப்போ ஒரு புகாரும் இல்ல. ஏன்னா ஏப்ரல்ல அந்த ஆத்துல தண்ணி ஏது, மேட்டூரை ஜனவரி 28-ல மூடினா ஜூன் 12 வரைக்கும் வெறும் மணல்தானே நமக்கு. சனங்க இந்தக் கரையில இறங்கி அந்தக் கரையில ஏறி அஞ்சு நிமிஷத்துல வந்து போட்டுட்டுப் போயிட்டாங்க. சித்திரையில பக்கத்து வீடு மாதிரி இருக்கிற பூத்து மார்கழியில வெளியூர் ஆயிடுது. ஆபீசுல உக்காந்து லிஸ்ட் போடுறவருக்கு அது ரெண்டும் ஒரே பள்ளிக்கூடம்தான், ஒரே பாகம் எண்தான். ஓட்டுப் போடுறவங்க வீட்லேர்ந்து பூத்து 2 கிலோமீட்டருக்குள்ள இருக்கணும்னு இந்தியத் தேர்தல் கமிஷன் சொல்லுது, நல்ல ரூல்தான், ஆனா அந்த ரெண்டு கிலோமீட்டரை எதை வச்சு அளக்குறாங்க? வரைபடத்துல ஸ்கேல் வச்சுப் பாத்தா அந்த அக்கரைத் தெருவு முக்கால் கிலோமீட்டர்கூட வராது. காக்காய்க்கு ஓட்டு இருந்தா சரி.

வேற மாவட்டத்துக்காரங்களுக்கு இது பெருசாத் தெரியாம இருக்கலாம். நம்ம பக்கம் எங்க திரும்பினாலும் ஆறு. மூணாறு தலைப்புல வந்து நின்னு பாருங்க, ஒரே வெண்ணாறு மூணாப் பிரிஞ்சு கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறுன்னு போகுது. அப்புறம் வெட்டாறு, ஓடம்போக்கி, பாண்டவையாறு, முள்ளியாறு, அரசலாறு, குடமுருட்டி, திருமலைராஜன், இதெல்லாம் பத்தாதுன்னு ஏ பிரிவு வாய்க்கால், பி பிரிவு வாய்க்கால். ஒரு ஊராட்சியில நாலு குக்கிராமம் இருந்தா நடுவுல ரெண்டு தண்ணி ஓடும். கொள்ளிடத்துப் பக்கம் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு மாதிரி ஊருங்களுக்கு மேல தண்ணி திறந்துவிட்டா ஊரே தீவாயிடும், ஆடிப்பெருக்கு நேரத்துல அங்க எலக்‌ஷன் வச்சா பெட்டியும் போட்ல போகணும் ஓட்டுப் போடுறவங்களும் போட்ல போகணும்.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க நீடாமங்கலம் ரயில்வே கேட். வெளியூர்க்காரங்ககூட அந்தக் கேட்டைத் திட்டாம போனதில்ல. கேட்டுக்கு இந்தப் பக்கம் குடியிருந்து அந்தப் பக்கம் பூத்து விழுந்தவங்க நிலைமையை நான் எழுதணுமா, எஞ்சின் முன்னாடி போகும், பின்னாடி வரும், மறுபடி முன்னாடி போகும், வெயில்ல ஒரு கர்ப்பிணிப் பொண்ணு பிளாட்பாரக் கல்லுல உக்காந்திருந்ததைப் பாத்திருக்கேன். தூரம் வெறும் கால் கிலோமீட்டர்.

இந்த யோசனை எல்லாம் எனக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, ரிட்டயர் ஆனதும் 2022 கடைசியில பொண்ணு வீட்டுக்கு அமெரிக்கா போனேன், சியாட்டில் பக்கம், வாஷிங்டன் மாநிலம். தலைநகர் வாஷிங்டன் இல்ல, அது வேற, இது மேற்குக் கடைசி. நான் போன நேரம் அங்க எலக்‌ஷன். நம்ம ஊர் மாதிரி பூத்து கிடையாது! எலக்‌ஷனுக்குப் 18 நாள் முன்னாடியே எல்லாருக்கும் ஓட்டுச்சீட்டைத் தபால்ல வீட்டுக்கு அனுப்பிடுறாங்க. சாப்பாட்டு மேசையில உக்காந்து மாப்பிள்ளை ஒவ்வொரு பேரா படிச்சுப் படிச்சு கட்டத்தை நிரப்புனாரு, கவர்ல போட்டு மேல கையெழுத்து, ராத்திரி சாப்பிட்டு முடிச்சு ஒம்போது மணிக்கு நூலகத்துக்குப் போனோம், நூலகம் பூட்டிருக்கு, வாசல்ல இரும்புல பெரிய பெட்டி ஒண்ணு தரையோட போல்ட் போட்டு நிக்குது. டிராப் பாக்ஸ்னு சொல்றாங்க. கவரை உள்ள தள்ளினாரு, முடிஞ்சுது. காவல் இல்ல, மை இல்ல, போலீஸ் இல்ல, ஏஜெண்ட் இல்ல. எனக்கு வயித்தைக் கலக்குச்சு, இதை யாராவது தூக்கிட்டுப் போனா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். அரை டன் கனமாம்.

கையெழுத்தை அவங்க பழைய கையெழுத்தோட ஒத்துப் பாக்குறாங்க, நம்ம கவர் போய்ச் சேந்துச்சான்னு நெட்டுலயே பாத்துக்கலாம், அதெல்லாம் சரி. எனக்குப் பிடிச்சது வேற. அந்தப் பெட்டியை எங்க வைக்கணும்ங்கிறதை அதிகாரி இஷ்டத்துக்கு விடல. 2017-ல சட்டமே போட்டிருக்காங்க, 15,000 வாக்காளருக்குக் குறைஞ்சது ஒரு பெட்டி, அதோட ஒவ்வொரு நகரத்துலயும், தபாலாபீஸ் இருக்கிற சின்ன ஊர்லயும்கூட கட்டாயம் ஒண்ணு. ஆள் கம்மி, காடு மலை, வண்டி போகாதுன்னு கழிச்சுவிட முடியாது. நான் பாத்த பெட்டிக்குக் கீழ தரை சமமா இருந்துச்சு, சக்கர நாற்காலியில வர்றவங்க கைக்கு எட்டுற உசரத்துல வாய், பஸ் ஸ்டாப் எதிர்த்தாப்ல, விளக்கு வெளிச்சம்.

அதுக்காக அமெரிக்காவே சொர்க்கம்னு நான் சொல்ல வரல. டெக்சாஸ்ல 2020-ல நடந்ததைப் பொண்ணுதான் சொன்னா. அங்க எல்லாருக்கும் தபால் ஓட்டு இல்ல, 65 வயசு ஆனவங்க, உடம்பு முடியாதவங்க மாதிரி சிலருக்குத்தான். ஹூஸ்டன் இருக்கிற ஹாரிஸ் கவுண்டியில (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) அவங்க கவரைக் கொண்டாந்து குடுக்க 12 இடம் வச்சிருந்தாங்க, அக்டோபர் ஒண்ணாந்தேதி கவர்னர் ஒரு கவுண்டிக்கு ஒரே இடம்தான்னு உத்தரவு போட்டு பதினொண்ணை மூடிட்டாரு. அந்தக் கவுண்டி நம்ம தஞ்சாவூர் மாவட்டத்தை விடப் பெருசு, 47 லட்சம் சனம். பட்டுக்கோட்டைக்காரரும் கும்பகோணத்துக்காரரும் திருவையாத்துக்காரரும் வயசான காலத்துல கவரைத் தூக்கிக்கிட்டு தஞ்சாவூருக்கு வந்தாத்தான் ஆச்சுன்னா எப்படி இருக்கும், அப்படி. பாதுகாப்புக்காகன்னு காரணம் சொன்னாங்களாம். ஒருத்தரோட ஓட்டையும் பறிக்கல பாருங்க, சட்டப்படி எல்லாருக்கும் உரிமை அப்படியே இருக்கு, பெட்டி மட்டும் தள்ளிப் போச்சு.

பாதுகாப்பும் பொய்யில்ல, அதையும் சொல்லிடுறேன். 2024 அக்டோபர்ல அதே வாஷிங்டன் மாநிலத்துல வான்கூவர்ங்கிற ஊர்ல யாரோ ஒரு படுபாவி டிராப் பாக்ஸ்ல தீ வச்சுட்டான், நூத்துக்கணக்கான ஓட்டு கருகிப் போச்சு. அன்னைக்கே அங்க ஓடுற கொலம்பியா ஆத்துக்கு அந்தாண்ட இருக்கிற போர்ட்லாண்ட்லயும் வச்சான், அந்தப் பெட்டிக்குள்ள தீயணைக்கிற பொடி வேலை செஞ்சதால மூணே மூணுதான் கெட்டுச்சு. யார் யார் ஓட்டு கருகுச்சுன்னு கவரைப் பாத்து முடிஞ்சவரைக்கும் கண்டுபிடிச்சு மறுபடி சீட்டு குடுத்தாங்க. பயம் வந்துச்சுன்னா பெட்டிக்குள்ள பொடி வைக்கலாம், பக்கத்துல கேமரா வைக்கலாம். டெக்சாஸ்காரர் மாதிரி பெட்டியையே எடுத்துடுறது எனக்கு என்னமோ தலைவலிக்குத் தலையை வெட்டுற வைத்தியமாத்தான் படுது.

நம்ம ஊருக்கும் டிராப் பாக்ஸ் கொண்டாங்கன்னு நான் கேக்கப் போறேன்னு நினைச்சிருப்பீங்க. கேக்கல. சத்தியமா வேண்டாம். சீட்டை வீட்டுக்கு அனுப்பினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், வீட்ல இருக்கிற பெரிய ஆம்பளை அஞ்சு பேர் சீட்டையும் வாங்கி அவரே டிக் அடிச்சு "கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னு நீட்டுவாரு. தெருவுல காசு குடுத்தவன் வாசல்ல நின்னு கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி காட்டச் சொல்லுவான். நம்ம ஊர்ல ஒரு பொம்பளை யார் கண்ணும் படாம தனியா நின்னு தனக்குத் தோணினதைச் செய்யிற இடம் அந்த அட்டை மறைப்பு ஒண்ணுதான், அரை நிமிஷம்னாலும். எங்க பாட்டிக்கு 1937-ல ஓட்டு கிடையாது, அப்போ சொத்து, வரி, படிப்பு இருக்கிறவங்களுக்குத்தான், மஞ்சப்பெட்டி மஞ்சப்பெட்டின்னு காங்கிரஸ்காரங்க தெருவுல கத்திக்கிட்டுப் போனதை வேடிக்கை பாத்ததோட சரி. 1952-ல மொத முறை போட்டுச்சு. அப்போ ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனிப் பெட்டி, மேல சின்னம் ஒட்டியிருக்கும். தாத்தா இந்தச் சின்னம்னு தலையில அடிச்சுச் சொல்லி அனுப்புனாராம், பாட்டி உள்ள போய் வேற பெட்டியில போட்டுட்டு வந்துட்டு எதுவும் தெரியாத மாதிரி சோறு வடிச்சுச்சாம். சாகுற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். அந்த மறைப்பு இருக்கணும். ஆனா அந்த மறைப்பு வரைக்கும் நடந்து போக முடியணுமில்ல?

நடந்து போறதுன்னா தூரம் மட்டும் இல்ல, எந்தத் தெரு வழியாங்கிறதும் இருக்கு. இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். நம்ம டெல்டாவுல ஊர்த்தெரு வேற காலனித்தெரு வேற, அது எல்லாருக்கும் தெரியும், பேப்பர்ல எழுதினா மட்டும்தான் கோவம் வரும். பள்ளிக்கூடம், சமுதாயக்கூடம், ஊராட்சி ஆபீஸ் எல்லாம் பெரும்பாலும் ஊர்த்தெருப் பக்கம். எலக்‌ஷன் அன்னைக்கு காலனிக்காரங்க அந்தத் தெரு முழுக்க நடந்து, திண்ணையில உக்காந்திருக்கிறவங்க முன்னாடி போகணும். யாரும் தடுக்க மாட்டாங்க, காலம் மாறிடுச்சு, சும்மா பாத்துக்கிட்டு இருப்பாங்க, நேத்து நடவுக்கு ஆள் வரலைன்னு திட்டினவரும் அந்தத் திண்ணையிலதான் இருப்பாரு. அதோட பூத்துலேர்ந்து 100 மீட்டருக்குள்ள ஓட்டுக் கேக்கக் கூடாது, 200 மீட்டருக்கு அந்தாண்டதான் கட்சிக்காரங்க மேசை நாற்காலி போடலாம்னு கமிஷன் ரூல் இருக்கில்லையா, நான் டூட்டி பாத்த ஒரு ஊர்ல அந்த 200 மீட்டர் அளந்து போய் நின்ன இடம் சரியா காலனித்தெரு முனை! ரூல் படி யார் மேலயும் தப்பு இல்ல, மூணு கட்சி மேசையைத் தாண்டாம ஒரு ஆள் அந்தத் தெருவுலேர்ந்து வெளியில வர முடியாது. கோயில்ல, ஆஸ்பத்திரியில, போலீஸ் ஸ்டேஷன்ல பூத்து வைக்கக் கூடாதுன்னு ரூல்ல இருக்கு, ஏன்னா உள்ள நுழையவே சிலருக்குத் தயக்கமா இருக்கும்னுதானே. தெருவுக்கும் அதே நியாயம்தான். ஆதிதிராவிடர் குடியிருப்புல வாக்காளர் எண்ணிக்கை 500-க்குக் குறைஞ்சாலும் அங்கயே பூத்து வைக்கலாம்னு கமிஷன் கையேடே சொல்லுது, கேக்கத்தான் ஆள் இல்ல. அங்கன்வாடிக் கட்டடம் ஒண்ணு காலனிப் பக்கம் இருக்கும், புதுசா கட்டினது, தரையும் சமமா இருக்கும், அதை யாரும் யோசிக்கறதில்ல.

தரைன்னதும் ஞாபகம் வந்துச்சு, சாய்தளம். எல்லா பூத்துலயும் சாய்தளம் இருக்குன்னு ஒவ்வொரு எலக்‌ஷனுக்கும் அறிக்கை வரும். நம்ம பக்கம் வெள்ளத்துக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை ரெண்டரை அடி உசத்திக் கட்டியிருப்பாங்க. ஒரு அடி ஏறணும்னா பன்னெண்டு அடி நீளம் சாய்தளம் வேணும், அதுதான் கணக்கு, அப்படின்னா ரெண்டரை அடிக்கு முப்பது அடி. இவங்க ஆறு அடியில சிமெண்டை இழைச்சு விட்டிருப்பாங்க, பசங்க அதுல சறுக்கி விளையாடும், அது சாய்தளம் இல்ல சறுக்குமரம். 2021-ல ஒரு தம்பியை சக்கர நாற்காலியோட நாலு பேர் அலாக்கா தூக்கி உள்ள கொண்டாந்தாங்க, அவனுக்கு வந்த கூச்சத்தைப் பாத்து எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. தூக்கின நாலு பேர்ல ரெண்டு பேர் ஒரு கட்சி ஏஜெண்டோட ஆளுங்க.

அங்கதான் விஷயமே இருக்கு. பூத்து தூரமா போச்சுன்னா, ஏற முடியாம போச்சுன்னா, உதவிக்கு யார் வர்றா? கட்சி ஆட்டோ. ஓட்டுப் போடுறவங்களை வேட்பாளர் செலவுல வண்டி வச்சு ஏத்திட்டு வர்றது சட்டப்படி குத்தம், எல்லாருக்கும் தெரியும், ஆனா முட்டி வலிக்காரி மூணு கிலோமீட்டரை வேற எப்படி வருவா? ஏறி உக்காந்துட்டா அந்த ஆட்டோக்காரன் முகத்தை முறிக்க மாட்டா. பணம் குடுக்கறதைப் பத்தி பக்கம் பக்கமா எழுதுறீங்க, வாஸ்தவம்தான், ஆனா அந்த ஆட்டோவுக்கு வேலை வச்சது பூத்து லிஸ்ட் போட்ட ஆள்தான்னு ஒருத்தரும் எழுதறதில்ல. 85 வயசு தாண்டினவங்களுக்கும் 40 சதவீதமோ அதுக்கு மேலயோ ஊனம் இருக்கிறவங்களுக்கும் பார்லிமெண்ட், அசெம்பிளி எலக்‌ஷன்ல 12டி பாரம் குடுத்தா வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குறாங்க, அருமையான ஏற்பாடு, ஆனா தேர்தல் அறிவிக்கை வந்து அஞ்சு நாளைக்குள்ள பாரம் போய்ச் சேரணும். அப்புறம் 84 வயசுக்காரங்களுக்கு முட்டி நல்லாயிருக்கும்னு யார் முடிவு பண்ணாங்களோ தெரியல. எங்க பெரியம்மாவுக்கு 83.

பெட்டி வைக்கிற இடத்தோட அருமை எங்களை மாதிரி எலக்‌ஷன் டூட்டி பாக்குறவங்களுக்கும் நல்லாவே தெரியும். எங்க ஓட்டு தபால் ஓட்டு. முன்னாடி எல்லாம் வீட்டுக்குக் கொண்டு போய் உறுதிமொழியில அத்தாட்சிக் கையெழுத்து வாங்கி, சின்னக் கவரை பெரிய கவர்ல போட்டு அனுப்பணும், ஒரு கையெழுத்து விட்டுப் போனா எண்ணுறப்ப தூக்கிப் போட்டுருவாங்க, படிச்ச வாத்தியாருங்க ஓட்டு செல்லாம போன கதை எவ்வளவோ. இப்ப டிரெய்னிங் நடக்கிற இடத்துலயே பெட்டி வச்சு அங்கயே போடச் சொல்றாங்க, அது நல்ல மாத்தம். ஆனா ஒரு தடவை அந்தப் பெட்டியை எங்க வச்சிருந்தாங்கன்னா டீ குடுக்கிற மேசைக்குப் பக்கத்துல, சுத்தி முப்பது பேர் கிளாஸோட நிக்கிறாங்க, மறைப்பு இல்ல, டெஸ்க்ல வச்சு ஒருத்தர் முதுகு மேல ஒருத்தர் சாஞ்சு டிக் அடிக்கிறாங்க. நான் எழுந்திரிச்சு ஒரு பெஞ்சைச் செங்குத்தா நிமித்தி வச்சு ஒரு போர்வையைக் கட்டச் சொன்னேன், "மேடத்துக்கு எல்லாத்துலயும் ஒரு குறை"ன்னு பின்னாடி குரல் கேட்டுச்சு. இருக்கட்டும்.

இப்போ நான் கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல, காசு செலவும் கம்மி. வாக்குச்சாவடி லிஸ்ட்டை முதல்ல வரைவா போட்டு ஆட்சேபணை கேக்கத்தான் செய்யிறாங்க. கலெக்டர் ஆபீசுல கட்சிக்காரங்களைக் கூப்பிட்டு மீட்டிங் போடுறாங்க, தாலுகா ஆபீஸ் போர்டுல ஒட்டுறாங்க, களை பறிக்கிற பொம்பளை தாலுகா ஆபீஸ் போர்டை எப்போ போய்ப் பாக்குறது. நம்ம ஊர்ல வருஷத்துக்கு ஆறு கிராமசபை நடக்குது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதுல ஒண்ணுல அந்த லிஸ்ட்டைச் சத்தமா படிங்க. எந்தத் தெருவு எந்தக் கட்டடத்துக்குப் போகுது, எந்த வழியா போகணும்னு சொல்லுங்க, அக்கரைக்காரங்க அங்கயே எழுந்திரிச்சுச் சொல்லிடுவாங்க, அவங்களுக்கு ஸ்கேல் தேவையில்ல. ஒரு பூத்துக்கு 1,500 ஓட்டுன்னு இருந்ததை இப்போ 1,200-ஆ கமிஷன் குறைச்சிருக்கு, அப்போ புது பூத்து வரத்தானே செய்யும், அந்தப் புது பூத்தை அதே பள்ளிக்கூடத்துல அடுத்த ரூம்ல வச்சு கணக்கு முடிக்காம அக்கரையில வைக்கலாம். கட்டடம் இல்லைன்னு சொல்லுவாங்க. அங்கன்வாடி இருக்கு, சுய உதவிக் குழுக் கட்டடம் இருக்கு, ரேஷன் கடை இருக்கு, நெல் கொள்முதல் பண்ற இடத்துல சிமெண்ட் களம் போட்டு தார்ப்பாய்க்கு ஏற்பாடு பண்ண முடியுது, ஒரு நாள் சாமியானாவுக்கு முடியாதா.

நேர்ல வந்து பாக்குறேன்னு எந்த அதிகாரியாவது சொன்னா சந்தோஷம்தான். ஒரே வேண்டுகோள், சித்திரையில வந்துட்டுப் போயிடாதீங்க, ஆறு காஞ்சு கெடக்கும், எல்லாம் பக்கமாத்தான் தெரியும். ஐப்பசி கார்த்திகையில வாங்க. ஜீப்பைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு அக்கரைத் தெருவுலேர்ந்து ஆரம்பிங்க, சட்ரஸ் வரைக்கும் போய்த் திரும்பி வாங்க, கூட யாராவது ஒரு வயசான அம்மாவைக் கூட்டிக்கங்க, அவங்க வேகத்துக்குத்தான் நடக்கணும். பள்ளிக்கூடம் வந்து சேந்ததும் வாட்சைப் பாத்து டைம் எழுதிக்கங்க. வழியில சின்னப் பாலம் ஒண்ணு உடைஞ்சு கெடக்கு, பாத்து கால் வைங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருத்தர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.